30க்கு 30 போய்விட்டது, சரி. உங்கள் சமையலறைக்கு வரும் செய்தி எது?

கேள்வி கேட்டவர் சிங்கப்பூரில் குடும்பமாகச் சமையல் ஒப்பந்தத் தொழில் நடத்துபவர். கல்யாணம், காதுகுத்து, கோயில் அன்னதானம் என்று சமைத்துக் கொடுக்கிறார்கள். 2030க்குள் நாட்டின் உணவுத் தேவையில் 30 விழுக்காட்டை உள்ளூரிலேயே உற்பத்தி செய்வது என்ற 30க்கு 30 இலக்கைப் பற்றி அவர் கேட்டது சுருக்கமாக இதுதான்: "30க்கு 30 இலக்கைக் கைவிட்டுவிட்டார்களாமே, உள்ளூர் விவசாயம் தோற்றுவிட்டதா? இனி அரிசி, வெங்காயம், கோழி விலை ஏறுமா? எங்களைப் போன்றவர்கள் விவசாயச் செய்திகளில் எதைப் பார்க்க வேண்டும்?"

நடுவில் இருக்கும் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த இலக்கு போனதால் உங்கள் அரிசி விலை ஒரு காசுகூட ஏறாது. 30க்கு 30 திட்டம் நம்பியிருந்தது கீரை வகைகளையும் முட்டையையும் மீனையும். அரிசியையும் வெங்காயத்தையும் இங்கே விளைவிப்பதாக யாரும் சொல்லவில்லை. உங்கள் கொள்முதல் பட்டியலை எடுத்துப் பாருங்கள். செலவில் பாதிக்கு மேல் இந்தியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிற சரக்குக்குத்தான் போகும். உங்களுக்கான விவசாயச் செய்தி நம் பண்ணைப் பகுதியான லிம் சூ காங்கில் எழுதப்படுவதைவிடப் புதுடில்லியிலும் மலேசிய அரசு இயங்கும் புத்ராஜெயாவிலும்தான் அதிகம் எழுதப்படுகிறது. பலசரக்கு இறக்குமதித் தொழிலில் காலம் கழித்தவன் என்பதால் அந்தப் பக்கத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். அதற்கு முன் முதல் கேள்வியை முடித்துவிடலாம்.

2019இல் இந்த இலக்கை அறிவித்தார்கள். 2030க்குள் நாட்டின் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை உள்ளூரிலேயே உற்பத்தி செய்வது என்பது திட்டம். அதே ஆண்டு ஏப்ரலில் சிங்கப்பூர் உணவு அமைப்பு உருவானது. உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்யும் நாடு, நிலத்தில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகவே விவசாயத்துக்கு ஒதுக்கியிருக்கும் நாடு இப்படி ஓர் இலக்கு வைத்ததே துணிச்சல்தான். மறு ஆண்டே கொவிட் வந்து எல்லைகள் அடைபட்டபோது அது தீர்க்கதரிசனம் போலவும் தெரிந்தது. பணம் கொட்டியது. 2020இல் ஒன்பது நிறுவனங்களுக்கு 39.4 மில்லியன் வெள்ளி மானியம் கிடைத்தது. 2021இல் 60 மில்லியன் வெள்ளி நிதி ஒன்று வந்தது. அடுக்கடுக்காகச் செடி வளர்க்கும் அறைகள், ஊதா விளக்கு, வெள்ளை அங்கி அணிந்த இளைஞர்கள் என்று நாளிதழ்களில் படங்கள் நிறைந்தன. உலகிலேயே முதன்முதலாக ஆய்வகத்தில் வளர்த்த கோழி இறைச்சியை விற்க அனுமதித்த நாடும் நாம்தான், 2020 டிசம்பரில்.

2024ஆம் ஆண்டின் கணக்கைப் பாருங்கள். நாம் சாப்பிடும் முட்டையில் 34 விழுக்காடு உள்ளூர். மீன், இறால் போன்றவற்றில் 6 விழுக்காடு. காய்கறியில் 3 விழுக்காடு. 2025 நவம்பரில் அமைச்சர் கிரேஸ் ஃபூ புதிய இலக்கை அறிவித்தார். 2035க்குள் நார்ச்சத்து தரும் உணவில் 20 விழுக்காடு, புரதம் தரும் உணவில் 30 விழுக்காடு. முதல் வகையில் கீரை, காய் வகைகள், பயறு முளை, காளான் ஆகியவை அடங்கும். இரண்டாவதில் முட்டையும் கடலுணவும்.

இந்த அறிவிப்பைத் தோல்வி என்று எழுதியவர்களும் உண்டு, தெளிவு பிறந்தது என்று எழுதியவர்களும் உண்டு. என் கண்ணுக்குப் பட்டது வேறு. புரதத்தில் 2024லேயே 26 விழுக்காட்டை எட்டிவிட்டோம். 2035 வரை அவகாசம் வைத்துக்கொண்டு நான்கு விழுக்காடு ஏறுவது பெரிய மலை ஒன்றும் இல்லை; அதற்குக் காரணம் முட்டை. நார்ச்சத்துப் பிரிவில் அதே ஆண்டு 8 விழுக்காடு. அதை 20 ஆக்குவதுதான் ஏற்றம். ஆகவே இனி உள்ளூர் விவசாயத்தைப் பற்றி எந்தச் செய்தி வந்தாலும், அது முட்டையைப் பற்றியதா, இலையைப் பற்றியதா என்று பிரித்துப் பார்த்தால் போதும். இரண்டும் ஒரே தொழில் போலத் தோன்றும், பொருளாதாரம் அடியோடு வேறு.

முட்டைப் பண்ணைகள் இங்கே மூன்றுதான். மூன்றும் பெரியவை, இயந்திரமயமானவை. முட்டைக்கு ருசி வேறுபாடு பெரிதாகக் கிடையாது. தினமும் ஒரே அளவு விற்கும். இறக்குமதி முட்டையோடு ஒப்பிட்டால் விலை வித்தியாசம் தாங்கக்கூடிய அளவில் இருக்கும். கீரைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மலேசியாவில் மாலையில் அறுத்த சாவி, கங்கோங் கீரைகள் இரவோடு இரவாக லாரியில் கடற்பாலம் தாண்டிப் பாசிர் பாஞ்சாங் மொத்த விற்பனை நிலையத்தில் இறங்கி, விடிவதற்குள் தேக்கா சந்தைக்கு வந்துவிடும். அங்கே சூரியன் இலவசம். இங்கே அறைக்குள் செடி வளர்ப்பவர் வெயிலுக்கும் மின்கட்டணம் கட்டுகிறார், குளிருக்கும் கட்டுகிறார். 2022இல் உக்ரேன் போரால் எரிசக்தி விலை எகிறியபோது முதலில் மூச்சுத் திணறியவர்கள் இவர்கள்தான். அந்த ஒன்பது நிறுவனங்களில் சில இப்போது இல்லை. இதில் தொழில்நுட்பத்தைக் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. செடி நன்றாகவே வளர்ந்தது. அந்த விலைக்கு வாங்குவதற்குத்தான் ஆள் போதவில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அவர்கள் வளர்த்தது பெரும்பாலும் கேல், லெட்டூஸ். நம் வீடுகளில் தேடுவது முருங்கைக்கீரை, தண்டுக்கீரை, வெண்டை, கத்திரி. கேலைப் பருப்புக் கூட்டில் போட்டுச் சாப்பிட்டிருக்கிறேன். மோசமில்லை, ஆனால் அந்த விலைக்கு நியாயமும் இல்லை.

கடல் பண்ணைகளின் கதை தனி. ஜோகூர் நீரிணையில் மிதவைக் கூண்டுகளில் மீன் வளர்ப்பவர்களுக்கு 2014இலும் 2015இலும் நுண்பாசிப் பெருக்கம் பேரிழப்பைக் கொடுத்தது. ஒரே இரவில் கூண்டு முழுவதும் செத்து மிதக்கும் தொழில் அது. நோய், நீரின் தரம், வயதாகும் உரிமையாளர்கள் என்று எல்லாம் சேர்ந்து எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது.

முட்டையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. முட்டை உள்ளூர்தான், கோழி தின்னும் மக்காச்சோளமும் சோயா புண்ணாக்கும் கப்பலில் வருகின்றன. எனவே உள்ளூர் முட்டை என்றால் வெளிநாட்டு விலையிலிருந்து முழு விடுதலை என்று எண்ணிவிடாதீர்கள். எல்லை மூடும்போது சில வாரங்கள் தாக்குப்பிடிக்க அது உதவும். அரசாங்கமும் அதைத்தான் எதிர்பார்க்கிறது. புதிய உணவுத் திட்டத்தில் உள்ளூர் உற்பத்தி நான்கில் ஒரு தூண் மட்டுமே. பல நாடுகளிலிருந்து வாங்குவது, இருப்பு வைப்பது, பிற நாடுகளோடு உடன்பாடு செய்துகொள்வது ஆகியவை மற்ற மூன்று.

இனி உங்கள் சமையலறை.

2023 ஜூலை 20ஆம் தேதி இந்தியா அரிசி ஏற்றுமதிக்குத் தடை விதித்தது என்று செய்தி வந்தது. மறுநாளே மக்கள் மூட்டை மூட்டையாக வாங்கிப்போனார்கள். சிராங்கூன் சாலைப் பக்கம் சில கடைகளில் இட்லி அரிசி அலமாரி காலியானது. வேடிக்கை என்னவென்றால், அன்றைய தடை இட்லி அரிசியைத் தொடவே இல்லை. தடை விதிக்கப்பட்டது பாசுமதி அல்லாத வெள்ளை அரிசிக்கு, அதாவது நம் பேச்சில் பச்சரிசிக்கு. புழுங்கல் அரிசி அதில் சேராது. புழுங்கலுக்கு அடி விழுந்தது ஒரு மாதம் கழித்து, ஆகஸ்ட் 25ஆம் தேதி. அதுவும் தடையாக வராமல் 20 விழுக்காடு ஏற்றுமதி வரியாக வந்தது. அதற்கு இரண்டு நாள் கழித்துப் பாசுமதிக்கு டன்னுக்கு 1,200 அமெரிக்க டாலர் என்று குறைந்தபட்ச ஏற்றுமதி விலை வைத்தார்கள். பிறகு அதை 950 ஆகக் குறைத்தார்கள்.

உங்கள் தொழிலில் வைத்துப் பாருங்கள். பொங்கலுக்குப் பச்சரிசி. சாப்பாட்டுக்குப் புழுங்கல் பொன்னி. இட்லிக்கு இட்லி அரிசி, அதுவும் புழுங்கல்தான். பிரியாணிக்குப் பாசுமதி. ஒரே நாட்டிலிருந்து வரும் ஒரே தானியத்துக்கு மூன்று வெவ்வேறு விதிகள்! "அரிசி விலை ஏறுகிறது" என்ற தலைப்பைப் பார்த்து எல்லாவற்றுக்கும் ஒரே சதவீதம் கூட்டி வாடிக்கையாளரிடம் விலை சொன்னவர்கள் பாதி பேரை இழந்தார்கள். ஒன்றும் கூட்டாமல் இருந்தவர்கள் பாசுமதியில் கையைச் சுட்டுக்கொண்டார்கள். தலைப்போடு நிற்காமல் எந்த ரகம், எந்தத் தேதியிலிருந்து, வரியா தடையா, யாருக்கு விலக்கு என்ற நான்கையும் தேடிப் படித்தவர்கள் அமைதியாக வேலையைப் பார்த்தார்கள்.

விலக்கு என்றதும் நினைவுக்கு வருகிறது. அதே ஆகஸ்ட் இறுதியில் சிங்கப்பூருக்கு 50,000 டன் வெள்ளை அரிசியை இந்தியா சிறப்பு அனுமதியாக ஒதுக்கியது. பூட்டானுக்கும் மொரிசியசுக்கும்கூட அப்படி ஒதுக்கினார்கள். நட்பு நாடு என்பதால் கிடைத்த சலுகை. ஆனால் அது தனியார் வியாபாரிகள் வழியாக வராமல் இந்தியாவின் தேசியக் கூட்டுறவு ஏற்றுமதி நிறுவனத்தின் வழியாகத்தான் வர வேண்டும் என்று விதி. ஆண்டுக்கணக்கில் ஒரே ஆலையிலிருந்து ஒரே முத்திரை அரிசி வாங்கிப் பழகிய இறக்குமதியாளருக்கு இது எவ்வளவு தலைவலி என்பது வெளியில் தெரியாது. நாட்டுக்கு அரிசி கிடைக்கும். உங்களுக்குப் பழக்கமான அந்த மூட்டை கிடைக்குமா என்பது வேறு கேள்வி.

2024 செப்டம்பர், அக்டோபரில் இவை எல்லாம் தளர்ந்தன. வெள்ளை அரிசித் தடை நீங்கியது, புழுங்கல் வரி முதலில் பாதியாகிப் பிறகு இல்லாமலே போனது. கடை விலை அதே வேகத்தில் இறங்கியதா என்று கேட்காதீர்கள். ஏறும் விலைக்குக் கால் உண்டு, இறங்கும் விலைக்குக் கிடையாது. முன்பு வாங்கிய சரக்கு கிடங்கில் தீர வேண்டும் என்பது வியாபாரியின் நியாயம். அதில் உண்மையும் இருக்கிறது.

அந்த ஓராண்டுக் காலத்தில் நாட்டில் அரிசிப் பஞ்சம் வராததற்கு ஒரு காரணம் பலருக்குத் தெரியாது. இங்கே அரிசி இறக்குமதி செய்ய உரிமம் பெற்றவர், தாம் மாதம் இறக்குமதி செய்யும் அளவைப்போல் இரண்டு மடங்கை அரசு குறிப்பிடும் கிடங்கில் எப்போதும் இருப்பாக வைத்திருக்க வேண்டும். சரக்கு அவருடையது, பழையதை எடுத்து விற்றுப் புதியதை வைக்கலாம். நெருக்கடி வந்தால் ஈட்டுத்தொகை கொடுத்து எடுத்துக்கொள்ளும் உரிமை அரசாங்கத்துக்கு உண்டு. கட்டாய இருப்புப் பட்டியலில் வெள்ளை அரிசியோடு பாசுமதி, புழுங்கல், பொன்னி ஆகியவையும் இருக்கின்றன. பொன்னி ஒரு தனி வகையாக அரசாங்கப் பட்டியலில் ஏறியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். 2025 ஜனவரியில் நிறைவேறிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், இப்படி இருப்பு வைக்கச் சொல்லும் அதிகாரத்தை மற்ற முக்கிய உணவுப் பொருள்களுக்கும் விரிக்க வழி செய்கிறது. படிப்படியாக 2028 வரை நடைமுறைக்கு வரும். எந்தப் பொருள் அதில் சேர்கிறது என்பதைக் கவனியுங்கள். கிடங்குச் செலவு கடைசியில் மூட்டை விலையில்தான் ஏறும்.

வெங்காயத்துக்கு வருவோம். அரிசியைவிடக் குறும்புக்காரப் பொருள். 2023 ஆகஸ்டில் 40 விழுக்காடு ஏற்றுமதி வரி. அக்டோபர் இறுதியில் டன்னுக்கு 800 டாலர் குறைந்தபட்ச விலை. டிசம்பர் 8ஆம் தேதி முழுத் தடை. 2024 மே 4ஆம் தேதி தடை நீங்கியது, ஆனால் 550 டாலர் குறைந்தபட்ச விலையும் 40 விழுக்காடு வரியும் ஒட்டிக்கொண்டு வந்தன. செப்டம்பரில் வரி 20 ஆனது. 2025 ஏப்ரல் 1ஆம் தேதிதான் வரி முற்றிலும் நீங்கியது. ஏறத்தாழ இருபது மாதம். இந்த அறிவிப்புகளில் பெரும்பாலானவை இரவோடு இரவாக வந்தவை. இந்தியாவில் தேர்தல் நெருங்கும் காலத்தில் வெங்காய விலை ஏறினால் ஏற்றுமதிக்குப் பூட்டு விழும் என்பது அரசியல் தெரிந்த யாருக்கும் தெரியும்; நாடாளுமன்றத் தேர்தல் 2024 ஏப்ரல் முதல் ஜூன் வரை நடந்தது என்பதை மேலே சொன்ன தேதிகளின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அதிலும் ஒரு விலக்கு இருந்தது, நமக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. கர்நாடகத்தில் சிக்கபல்லாபூர், கோலார் பக்கம் பெங்களூர் ரோஸ் என்ற சிறிய, காரமான வெங்காயம் விளைகிறது. உள்ளூரில் அதை அதிகம் சாப்பிடுவதில்லை. சிங்கப்பூர், மலேசியா போன்ற நாடுகளுக்கு அனுப்பவே பெரும்பாலும் பயிரிடுகிறார்கள். 40 விழுக்காடு வரி வந்ததும் அந்த விவசாயிகள் "எங்கள் வெங்காயத்தை இந்தியாவில் வாங்க ஆளில்லை, பிறகு யாருக்காக இதைத் தடுக்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. 2023 செப்டம்பரில் மாநிலத் தோட்டக்கலைத் துறையின் சான்றிதழோடு வந்தால் வரி இல்லை என்று அறிவித்தார்கள். இந்த ஒரு வரியைப் படித்த இறக்குமதியாளருக்கும் படிக்காதவருக்கும் அந்தத் தீபாவளிக்கு லாபத்தில் இருந்த வித்தியாசத்தை நான் நேரில் பார்த்தேன்.

கோழியில் பாடம் இன்னும் தெளிவு. 2022 ஜூன் 1ஆம் தேதி மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. அப்போது நம் கோழியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்து, பெரும்பாலும் உயிருடன் வந்து இங்கே அறுக்கப்பட்டது. எல்லோரும் அந்த ஒரு நாளைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் கதை பல மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிட்டது. தீவன விலை ஏறியது. மலேசிய அரசாங்கம் சில்லறை விலைக்குக் கிலோ 8.90 ரிங்கிட் என்று உச்சவரம்பு வைத்தது. வளர்க்கும் செலவு அதற்கு மேலே போனதும் பண்ணையாளர் குஞ்சு விடுவதைக் குறைத்தார். உள்நாட்டிலேயே தட்டுப்பாடு வந்தது. பிறகுதான் எல்லை மூடியது. தீவன விலையும் உச்சவரம்பும் ஒரே நேரத்தில் செய்தியில் அடிபட்ட அந்தப் பிப்ரவரியிலேயே உறைகோழிக்கு ஒப்பந்தம் பேசியவர்கள் ஜூனில் பதறவில்லை. முழுத் தடை அக்டோபர் 11ஆம் தேதிதான் நீங்கியது. இடையில் இந்தோனேசியாவும் அனுமதிக்கப்பட்ட நாடுகளின் பட்டியலில் சேர்ந்தது.

எண்ணெயிலும் இதே கூத்துதான். 2022 ஏப்ரல் இறுதியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை மூன்று வாரத்துக்கு மேல் நிறுத்திவைத்தது. 2024 செப்டம்பரில் இந்தியா சமையல் எண்ணெய் இறக்குமதி வரியை உயர்த்தியது, 2025 மே இறுதியில் சுத்திகரிக்காத சமையல் எண்ணெய்க்கு மட்டும் குறைத்தது. உலகில் மிக அதிகமாகச் சமையல் எண்ணெய் வாங்கும் நாடு வரியை அசைத்தால் கோலாலம்பூர் சந்தையில் விலை அசையும், அடுத்து உங்கள் டின் விலையும் அசையும்.

மசாலாப் பொடி பற்றி ஒன்று. 2024 ஏப்ரலில் எவரெஸ்ட் மீன் மசாலாவைச் சிங்கப்பூர் உணவு அமைப்பு சந்தையிலிருந்து திரும்பப் பெறச் சொன்னது. எத்திலீன் ஆக்சைடு அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டியிருந்தது காரணம். வாட்ஸ்அப்பில் அது "இந்திய மசாலாவுக்கு எல்லாம் தடை" என்று சுற்றியது. மசாலாவில் கிருமி நீக்க அந்தப் பொருளைப் பயன்படுத்த இங்கே அனுமதி உண்டு, எச்சத்துக்குத்தான் வரம்பு. நீங்கள் பலருக்குச் சமைப்பவர். இப்படிப்பட்ட அறிவிப்பு வந்தால் அமைப்பின் இணையத்தளத்தில் பொருளின் பெயரைச் சரிபார்த்து, உங்களிடம் இருப்பதை ஒதுக்கி வைத்து, வாங்கிய ரசீதையும் எடுத்து வையுங்கள். போதும்.

பெரிய நிறுவனங்களின் செய்தியைப் படிக்க வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். வில்மர், ஓலம், கோல்டன் அக்ரி ஆகிய மூன்றும் சிங்கப்பூரில் தலைமையகம் வைத்திருக்கும் பெரும் வேளாண் வணிக நிறுவனங்கள். ஓலம் 1989இல் நைஜீரியாவில் தொடங்கியது, அங்கிருந்து இந்தியாவுக்கு முந்திரி அனுப்பி வளர்ந்தது. அதன் வேளாண் பிரிவைச் சவூதி அரசு நிறுவனம் ஒன்று 2025இல் 400 கோடி அமெரிக்க டாலர் மதிப்பில் வாங்க ஒப்புக்கொண்டது. ஒரு சொட்டுப் பாலைவன நீரை வீணாக்காமல் உணவை உறுதி செய்ய அந்த நாடு கண்ட வழி, வியாபாரியையே வாங்குவது. சுவையான செய்திதான். பங்கு வாங்குபவர் படிக்கட்டும். உங்களுடைய அடுத்த மாதச் சாம்பாருக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

உங்களுக்கு நான் சொல்லும் நாள்காட்டி வேறு. ஜூன் தொடங்கி இந்தியப் பருவமழையைப் பாருங்கள். பருவமழையைக் குறைக்கக்கூடிய எல் நினோ என்ற சொல் அடிபட்டால் ஆகஸ்டுக்குள் அரிசி அறிவிப்பு எதையாவது எதிர்பார்க்கலாம். காவிரியில் மேட்டூர் அணை ஜூன் 12ஆம் தேதி திறக்கிறதா என்பது குறுவை நெல் சாகுபடிக்கான செய்தி. வெங்காயத்தில் மார்ச் முதல் மே வரை அறுவடையாகும் ராபிப் பருவச் சரக்குதான் கிடங்கில் நிற்கும். அதை வைத்தே அக்டோபர் வரை ஓட்டுகிறார்கள். அது தீரும் நேரத்தில் நாசிக் பக்கம் மழை பெய்து புதுச் சரக்கு கெட்டால், அங்குள்ள லாசல்காவ் வெங்காயச் சந்தையில் ஏறும் விலை நமக்குத் தீபாவளி நேரத்தில் வந்து சேரும். ஆண்டு இறுதியில் மலேசியாவில் வடகிழக்குப் பருவமழையும் வெள்ளமும் வரும். கீரை விலை அப்போது ஏறும், சில வாரத்தில் இறங்கியும் விடும். அதற்காக ஒப்பந்த விலையை மாற்ற வேண்டியதில்லை. கூட்டை மாற்றிச் சமைத்துவிடுங்கள்.

கல்யாண ஒப்பந்தங்களை ஆறு மாதம் முன்பே ஒப்புக்கொள்கிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்தத் தாளில் பாசுமதி, வெங்காயம், கோழி மூன்றுக்கு மட்டும் விலை மாற்ற வாசகம் ஒன்று சேருங்கள். மற்றவற்றின் ஏற்ற இறக்கத்தை நீங்களே தாங்கலாம். அரிசியை இரண்டு மாதத்துக்கு வாங்கி வைப்பதில் தவறில்லை, வண்டு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெங்காயத்தை அப்படி வைக்காதீர்கள்; இரண்டு, மூன்று வாரத்துக்குமேல் நம் ஊர் ஈரப்பதத்தில் முளைவிட்டுவிடும். விலை மிகவும் ஏறினால் குழம்புக்கு ஹாலந்து வெங்காயம் போடலாம், தண்ணீர் சற்று அதிகம் விடும், வதக்க நேரம் கூடும். பிரியாணிக்கு மட்டும் வேண்டாம்.